முத்துவும் ஆறுமுகமும்

‘ஓலா போலா’ படத்தில் கோல் காவலராக வரும் இளைஞனின் பெயர் முத்து குமார். சரண் குமார் நடித்த வேடம். 2016 ஜனவரி 28 அன்று படம் மலேசியத் திரையரங்குகளில் வெளியானது. அடுத்த சில வாரங்களில், எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மலாக்கா நகருக்குப் படம் பார்க்கப் போனோம். நான் அப்போது பள்ளிக் காற்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியர். பயணத்துக்குப் பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கியதும் நான்தான்.

படத்தில் மலாய் பேசுகிறார்கள், சீனம் பேசுகிறார்கள், ஆங்கிலமும் வருகிறது. முத்து தமிழில் பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் இருட்டில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சினிமாவில் தமிழ் கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. இது நாட்டின் கதையைச் சொல்ல வந்த படம். அதில் தங்கள் வீட்டுப் பேச்சு கேட்பது புதிது. நம்மைப் போல ஒருவன் கோல் கம்பத்தின் கீழ் நிற்கிறான், அவனை நம்பி ஒரு நாடே பந்தை முன்னால் கொண்டு போகிறது. பிள்ளைகளின் முகத்தில் அது தெரிந்தது.

படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு சிறுமி கேட்டாள். “சார், முத்துன்னு ஒருத்தர் நெசமாவே நம்ம நாட்டுக்கு ஆடினாரா?”

“முத்து இல்லம்மா. அவர் பேரு ஆறுமுகம்.”

சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. கூட வந்த இளம் ஆசிரியர்களில் சிலருக்கும் தெரியவில்லை. பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் ஆறுமுகத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் படம். இயக்கியவர் சியூ கெங் குவான். 2014-ல் ‘தி ஜர்னி’ என்ற சீன மொழிப் படத்தால் பெரிய வெற்றி கண்டவர். ‘ஓலா போலா’வும் ஒன்றரைக் கோடி வெள்ளிக்கு மேல் வசூலித்தது. மலேசியப் படம் ஒன்றுக்கு அது சாதாரண வசூல் அல்ல. மூன்று இனத்தாரும் ஒரே திரையரங்கில் ஒரே படத்துக்கு வரிசையில் நின்றது அதைவிடப் பெரிது. நம் நாட்டில் தமிழ்ப் படத்துக்குத் தமிழர் போவார்கள், சீனப் படத்துக்குச் சீனர் போவார்கள், மலாய்ப் படத்துக்கு மலாய்க்காரர் போவார்கள். அந்த வழக்கத்தை இந்தப் படம் சில வாரங்களுக்காவது உடைத்தது. 2018-ல் தியாரா ஜேக்குலினா இதை இசை நாடகமாக்கி இஸ்தானா புடாயாவில் மேடையேற்றினார்.

கதை இன்றைய காலத்தில் தொடங்குகிறது. மரியேன் என்ற இளம்பெண் தொலைக்காட்சியில் வேலை செய்கிறாள். இந்த நாட்டில் இனி என்ன இருக்கிறது, இங்கிலாந்துக்குப் போய்விடலாம் என்று முடிவு கட்டியவள். 1980-ஆம் ஆண்டின் தேசியக் காற்பந்துக் குழுவைப் பற்றி நிகழ்ச்சி செய்யும் வேலை அவளிடம் வருகிறது. பழைய ஆட்டக்காரர் ஒருவரைத் தேடிப் போகிறாள். அவர் சொல்லச் சொல்லக் கதை பின்னோக்கிப் போகிறது. குழுத் தலைவர் சோவ் குவோக் கியோங்; நண்பர்களுக்கு ‘தவுக்கே’. தாக்குதல் ஆட்டக்காரர் அலி. இவர்கள் இருவருக்கும் ஒத்துப் போவதில்லை. கோலில் முத்து. வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளர் ஹேரி மவுண்டன். மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஆட்டத்தைச் சொல்லும் ரஹ்மானாக புரோன் பலாரே வருகிறார். தோல்வியில் துவண்டு கிடக்கும் குழு எப்படித் தலைநிமிர்கிறது என்பதுதான் கதை.

எனக்குப் பிடித்தது இது: அந்தக் குழுவுக்குள் நடக்கும் சண்டை இனத்தைப் பற்றியது அல்ல. யார் தலைவர், யார் பேச்சை யார் கேட்பது, பந்தை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றிய சண்டை. எந்தக் குழுவிலும் வரும் சண்டை. அப்படிச் சண்டை போடும் உரிமை உள்ளவர்கள்தான் ஒரு வீட்டுக்காரர்கள். மரியாதைக்காக ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டு, விழா நாளில் பலகாரம் மாற்றிக்கொள்வதை ஒற்றுமை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் படம் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. படத்தில் வரும் பெயர்கள் கற்பனை. தவுக்கே என்ற பட்டப்பெயர் மட்டும் உண்மையானது; அது 1980 குழுவில் ஆடிய சோ சின் அவுனுக்கு ரசிகர்கள் வைத்தது. முத்துவை உண்மை மனிதரோடு இணைக்க அந்த மாதிரி ஓர் இழைகூட இல்லை. முத்துவைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு ஆறுமுகத்தைத் தெரியாமல் போகிறது.

ஆகவே உண்மைக் கதைக்கு வருகிறேன். 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்ட் 31 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் சுதந்திரத்தை முழங்கிய அதே இடம். மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறும் ஆட்டத்தில் மலேசியாவும் தென் கொரியாவும் மோதின. 2-1 என்று மலேசியா வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் ஹசான் சானி. இருவரும் சபாவிலிருந்து வந்தவர்கள். நடுத்திடலில் சுக்கோர் சாலே. தற்காப்பின் நடுவில் சோ சின் அவுனும் சந்தோக் சிங்கும். அவர்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக, ஆர். ஆறுமுகம்.

அந்தத் தற்காப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். யாரும் உட்கார்ந்து ஒதுக்கீடு போட்டு அமைத்தது அல்ல. அந்த இடத்துக்கு அவர்கள்தான் நாட்டிலேயே சிறந்தவர்கள்.

ஆறுமுகம் 1953-ல் பிறந்தவர். கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை. சிலாங்கூர் மாநிலத்துக்கும் தேசியக் குழுவுக்கும் ஆண்டுக்கணக்கில் கோல் காத்தார். நீண்ட கைகளை விரித்துக்கொண்டு அவர் பாய்வதைப் பார்த்து ரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றார்கள். அவருடைய காலம் மலேசியக் காற்பந்தின் பொற்காலம். 1974-ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1977-லும் 1979-லும் சீ விளையாட்டில் தங்கம். 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்தார். வயது 35. அந்தச் செய்தி வந்த காலையில் எங்கள் தோட்டத்து மன்றத்தில் பேப்பரை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில், புக்கிட் அசகான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். விடிந்தால் குனோங் லேடாங் மலை தெரியும். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அம்மா பாதி நாள் வெட்டுக்காடு, பாதி நாள் களையெடுப்பு. லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு திடல். தீமிதி நடப்பதும் அங்கேதான், சம்பள நாளில் சந்தை கூடுவதும் அங்கேதான், சாயங்காலம் நாங்கள் பந்து உதைப்பதும் அங்கேதான். 1980-ல் எனக்கு 14 வயது. இளையோர் குழுவின் கோல் காவலர் நான்.

தென் கொரியாவுடன் ஆட்டம் நடந்த அன்று மன்றத்து ரேடியோவைச் சுற்றிப் பெரிய கூட்டம். வர்ணனை மலாயில் வேகமாக ஓடும். எங்களைப் போலப் பள்ளிக்கூடம் போகும் பையன்கள் பெரியவர்களுக்கு அவ்வப்போது தமிழில் சொல்ல வேண்டும். தாத்தாவும் வந்து கதவோரம் குந்தியிருந்தார். காற்பந்தில் அவருக்குப் பெரிய பிடிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் “ஆறுமுகம்… ஆறுமுகம்…” என்று ரேடியோவில் திரும்பத் திரும்ப வந்ததைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

“அந்தப் பையன் எந்தத் தோட்டம்டா?”

தாத்தாவுக்குத் தெரிந்த உலகத்தில் தமிழ்ப் பெயருள்ளவன் ஏதாவது ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தோட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, அவர் மலேசியாவுக்கு ஆடுகிறார் என்று சொன்னேன். தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் ஆட்டம் முடியும்வரை எழுந்து போகவும் இல்லை.

அதில் எவ்வளவு இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், இல்லாதவர்களுக்குச் சிவப்பு. 1969 மே 13 இனக் கலவரம் நடந்தது கோலாலம்பூரில். ஆனால் அதன் பின்விளைவு மலாக்காத் தோட்டத்து லயங்கள் வரை வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அந்தக் காலத்தில்தான் இறுகியது. பெர்மிட் கிடைக்காத குடும்பங்கள் மூட்டை கட்டின. வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், ஆயிரக்கணக்கில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பினார்கள். எங்கள் லயத்திலேயே காலியான வீடுகள் உண்டு. தாத்தா தப்பித்துத் தங்கியவர். அரசாங்க ஆள் வண்டி வந்து நின்றாலே அவர் கை சட்டைப் பையில் அட்டையைத் தடவிப் பார்க்கும்.

அப்படிப்பட்ட மனிதர் உட்கார்ந்து, தன் இனத்துப் பெயரை நாட்டின் பெயராக ரேடியோ கூவுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கலவரம் முடிந்து 11 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1970-ல் ருக்குன் நெகாரா கோட்பாடு வந்தது. பள்ளிகளில் அதை மனப்பாடமாக ஒப்பித்தோம். ஒப்பித்ததால் தாத்தாவுக்கு நாடு கிட்டே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கிட்டே வந்தது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் இளையோர் குழுவில் தோட்டத்துப் பையன்கள் மட்டும் இல்லை. படித்துவிட்டு வேலை தேடிச் சிலர் மலாக்கா டவுனுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, குழுவில் இடம் விழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பத்திலிருந்து இரண்டு மலாய்ப் பையன்கள் சைக்கிளில் வருவார்கள். தோட்ட முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன் இடப்பக்க ஓரத்தில் ஆடினான். அவன் அப்பாவின் கடன் புத்தகத்தில் எங்கள் எல்லார் வீட்டுப் பெயரும் இருக்கும். எங்களுக்குப் புங் கியோங் சப்பாத்து கடனில் கிடைத்ததும் அங்கேதான். ரப்பர் கட்டை வைத்த மலிவுச் சப்பாத்து. சம்பள நாளில் அப்பா கழித்துவிடுவார்.

எனக்கு முன்னால் நடுத் தற்காப்பில் ஆடியவன் கம்பத்துப் பையன். கோல் காவலுக்கு நிற்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. பதினொரு பேரில் திடல் முழுவதையும் முகத்துக்கு நேராகப் பார்ப்பவர் கோல் காவலர் ஒருவர்தான். முன்னால் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரர் நழுவி வருவது அவருக்குத் தெரியாது. அதனால் கோல் காவலர் வாயை மூடவே கூடாது. “கீரி!” என்று கத்தினால் இடப்பக்கம், “கானான்!” என்றால் வலப்பக்கம், “லெபாஸ்!” என்றால் நீ விட்டுவிடு, பந்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தற்காப்புக்காரர் அந்த நொடியில் திரும்பிப் பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்துகொண்டிருந்தால் பந்து வலைக்குள் போய்விடும். திரும்பாமலே விலக வேண்டும். திரும்பாமலே பாய வேண்டும்.

அந்தக் கம்பத்துப் பையன் முதல் சில வாரங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும் அவனை நம்பாமல் முன்னால் ஓடி வந்து இருவரும் மோதிக்கொண்டோம். அவனுக்கு உதடு கிழிந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகும் நாங்கள் இருவரும் நின்று உயரப் பந்துகளைப் பழகினோம். மழைக்காலம் முடியும்போது அவன் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். நோன்பு மாதம் வந்தபோது அவனுக்காகப் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொண்டோம். தீமிதி வாரத்தில் திடல் கோயிலுக்குப் போய்விடும். அப்போது கம்பத்துப் பள்ளித் திடலில் அவன் எங்களுக்கு இடம் பிடித்துத் தருவான். இதற்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. சனிக்கிழமை ஆட்டம் இருந்தது, ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எதிர் எதிரே நின்று ஆடுவதால் மட்டும் மனிதர்கள் நெருங்கிவிட மாட்டார்கள். ஒரே பக்கம் நின்று, ஒருவன் பிழையை இன்னொருவன் சுமக்க வேண்டி வரும்போதுதான் நெருக்கம் வருகிறது. ‘ஓலா போலா’ எனக்கு ஆழமாகப் பட்டதற்கு இதுதான் காரணம்.

இதே விஷயத்தைப் பேசும் உலகப் புகழ் பெற்ற படம் ‘இன்விக்டஸ்’. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2009-ல் வந்தது. மோர்கன் ஃப்ரீமன் நெல்சன் மண்டேலாவாகவும், மேட் டேமன் தென்னாப்பிரிக்க ரக்பி குழுத் தலைவர் பிரான்சுவா பீனாராகவும் நடித்தார்கள். 1995 ஜூன் 24 அன்று ஜொகானஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று நியூசிலாந்தை வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. கறுப்பின மக்கள் அடக்குமுறையின் அடையாளமாக வெறுத்த அந்தப் பச்சைச் சட்டையையே, பீனாரின் 6-ஆம் எண்ணோடு, மண்டேலா அணிந்துகொண்டு திடலுக்கு வந்தார். 27 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த நாட்டுக் குழுவில் வெள்ளையர் அல்லாத ஆட்டக்காரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். அங்கே சமரசம் பார்வையாளர் பகுதியிலிருந்து, நாட்டின் தலைவர் ஒருவரின் பெருந்தன்மையிலிருந்து திடலுக்கு இறங்கி வந்தது. நம் நாட்டில் அது திடலில் ஏற்கெனவே இருந்தது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசியக் குழுவிலும் சந்திரன், கிருஷ்ணசாமி, சோ சின் அவுன், ஷஹாருடின் அப்துல்லா என்று எல்லா இனத்துப் பெயரும் உண்டு. கலவரம் நடந்து மூன்றே ஆண்டுகள். தலைவர்கள் பேசிப் பேசிக் கொண்டுவர முயன்றதை ஆட்டக்காரர்கள் பேசாமலே வைத்திருந்தார்கள். பார்வையாளர் பகுதிதான் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1980 வெற்றிக்குப் பிறகு நடந்தது நெஞ்சை அடைக்கும். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொன்னது. பிரதமர் ஹுசேன் ஓன் தலைமையிலான நம் அரசும் சேர்ந்துகொண்டது. மலேசியாவின் இடம் ஈராக்குக்குப் போனது. மியூனிக் போனபோது ஆறுமுகம் தேசியக் குழுவுக்கு வந்திருக்கவில்லை. மாஸ்கோவுக்கு நாடு போகவில்லை. அவ்வளவு பெரிய கோல் காவலர் ஒலிம்பிக் திடலில் ஒருமுறைகூட நிற்காமல் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

அந்த முடிவு சரியா தவறா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. ஓர் ஊரையே ஒன்றாக நிற்க வைத்த பதினொரு பேருக்கு அதற்கான பலன் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். படம் அவர்களுக்கு 36 ஆண்டுகள் கழித்துக் கைதட்டல் வாங்கித் தந்தது. ஆறுமுகம் அதைக் கேட்க இல்லை.

பிறகும் நல்ல நாட்கள் வந்தன. 1983-ல் எங்கள் மலாக்கா மாநிலக் குழு லீக் கிண்ணத்தை வென்றது. குபு அரங்கில் ஆட்டம் என்றால் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே போவோம். 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா இந்தோனேசியாவை வீழ்த்தி சுசுகி கிண்ணத்தை வென்றபோது, அந்தக் குழுவில் குணாளனும் குருசாமியும் இருந்தார்கள். ராஜகோபால் ஆட்டக்காரராக ஆறுமுகத்தின் காலத்தவர்.

ஆனால் அடியில் இருந்த மண் மாறிவிட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல், அலோர் காஜா என்று எல்லாப் பக்கமும் தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. நம் ஆட்கள் தாமான்களுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் குடியேறினார்கள். பல இடங்களில் பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும் தோட்டம் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். அதற்காக நான் மகிழ்கிறேன், லயத்து வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். திடலை மட்டும் நாம் கூட எடுத்துக்கொண்டு வரவில்லை.

பள்ளி விளையாட்டு அந்த இடத்தை நிரப்பும் என்று நினைப்போம். நான் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனவன். தொடக்கப்பள்ளியில் நமக்கு மூன்று ஓடைகள்: தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி. தமிழ்ப்பள்ளி நம் உயிர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் காற்பந்துப் போட்டியில் பள்ளிக்குப் பள்ளி மோதும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறு இனத்துப் பிள்ளையைத் தன் வாழ்க்கையில் நெருங்கிப் பார்க்கும் முதல் தருணமே எதிராளியாகத்தான். திடலோரத்தில் பெற்றோர்கள் பள்ளிப் பெயரைச் சொல்லிக் கத்துவதில்லை. “சீனப் பிள்ளைங்களை விடாதே,” “தமிழ்ப் பிள்ளைங்களைப் பிடி” என்றுதான் மூன்று மொழியிலும் கேட்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. கேட்கும் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

போட்டி முடிந்ததும் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி மாவட்டக் குழு அமைப்பார்கள். ஓர் ஆண்டு எங்கள் பள்ளிக் கோல் காவலன் தேர்வானான். வாய் திறக்காத பையன். அவனுக்கு முன்னால் தற்காப்பில் நிறுத்தப்பட்டவன் ஒரு சீனப்பள்ளி மாணவன். முந்தின வாரம் எங்களுக்கு எதிராகக் கோல் போட்டவன். முதல் நாள் பயிற்சியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பயிற்சியாளர் மலாய்க்காரர், அனுபவசாலி. அவர் ஒன்றும் புத்திமதி சொல்லவில்லை. “கோல் விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து திடலைச் சுற்றி ஓட வேண்டும்” என்றார். அந்தப் பயிற்சி முகாம் முடிவதற்குள் எங்கள் பையன் தொண்டை கட்டுமளவுக்குக் கத்தப் பழகியிருந்தான். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்க்காமல் விலகிக்கொண்டிருந்தான்.

ஆனால் மாவட்டக் குழுவுக்குப் போவது ஒரு பள்ளியிலிருந்து ஒருவரோ இருவரோ. மீதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சியாளரும் கிடைப்பதில்லை, அந்த ஓட்டமும் கிடைப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது எதிராளி மட்டும்.

இதை மாற்ற அமைச்சு வர வேண்டியதில்லை. மலாக்காவில் புதிய தாமான்களில் பெரும்பாலும் ஒரு திறந்தவெளி இருக்கிறது. சிலவற்றில் கோல் கம்பம் துருப்பிடித்து நிற்கிறது, சிலவற்றில் புல் இடுப்பளவு. அதே தாமானில் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் குடியிருக்கிறார்கள். காலையில் மூன்று வெவ்வேறு பேருந்தில் ஏறிப் போய், சாயங்காலம் ஒரே தெருவுக்குத் திரும்புகிறார்கள். பள்ளிப் பெயரில் குழு சேர்ப்பதோடு தாமான் பெயரிலும் ஒரு குழு சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. பள்ளி மண்டபத்தில் ‘ஓலா போலா’வைப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்துத் தேசியப் பள்ளியையும் சீனப்பள்ளியையும் அழையுங்கள். படம் தொடங்குவதற்கு முன் ஆறுமுகம், சோ சின் அவுன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி என்ற பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் திடலுக்குக் கூட்டிப் போய், பள்ளி வாரியாகப் பிரிக்காமல், கலந்து குழு பிரித்து ஆட விடுங்கள். தாமானில் இருப்பவர்கள் தங்கள் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் புல்லை வெட்டச் சொல்லுங்கள், கம்பத்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது தாண்டுவதற்குள் இதைச் செய்யுங்கள்.